நாடகத்துக்கு ரோமத்தோல் உடைகள்: மயிர் உள்ளேயா, வெளியேயா?

அரிதாரம் கேட்டது:

வணக்கம். நான்கு குறுநாடகங்களை ஒரே மாலையில் மேடையேற்றுகிறோம். உடைப் பொறுப்பு என்னுடையது. நான்கிலும் விலங்குத் தோல் வருகிறது: ஆர்க்டிக் வேட்டைக்காரர் ஒருவர், முடிசூட்டு விழாவுக்கு வரும் ஆங்கிலேயப் பிரபுக்கள் இருவர் (ஒரு டியூக், ஒரு பாரன்), உயரமான கரடித்தோல் தொப்பி போட்ட காவற்படை வீரர், பண்டைய எகிப்தியப் பூசாரி. பெரும்பாலும் செயற்கை ஃபர் துணிதான். கூடவே பழைய நிஜ ஃபர் காலர் இரண்டு இருக்கின்றன. எந்த விலங்கின் தோல் என்று தெரியவில்லை.

முதல் மாதிரியைத் தைத்துப் போட்டுப் பார்த்தால், நால்வரும் கரடி பொம்மைக்குள் புகுந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். கேள்விகள்: வேட்டைக்காரரின் அங்கியில் மயிர் எந்தப் பக்கம் வரவேண்டும்? பிரபுக்களின் வெள்ளை ஃபரில் கறுப்புப் புள்ளிகளுக்குக் கணக்கு உண்டா, கண்டபடி வைக்கலாமா? கரடித் தொப்பியின் உயரம் எவ்வளவு? பூசாரி சிறுத்தைத் தோலை எப்படிப் போர்த்துவார்? இதையெல்லாம் வெட்டித் தைப்பதில் நான் எங்கே தவறுகிறேன்?

---

வடகாற்று:

வேட்டைக்காரரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வட அமெரிக்க ஆர்க்டிக்கில் வாழும் இனூயிட் மக்களின் கடுங்குளிர் உடுப்பு இரண்டு அடுக்கு. உள்ளங்கியில் மயிர் உடம்பைப் பார்த்திருக்கும், மேலங்கியில் வெளியே பார்த்திருக்கும். தோல்பக்கங்கள் இரண்டும் நடுவில் சந்திக்கும். உள்மயிர் உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கிறது. வெளிமயிர் பனித்தூளைத் தோல்வரை போகவிடாமல் நுனியிலேயே நிறுத்துகிறது. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் "இரண்டும்". மேடையில் உள்ளடுக்கு முழுவதையும் தைக்கவேண்டியதில்லை. கழுத்து, மணிக்கட்டு, அங்கியின் கீழ்விளிம்பு மூன்றிலும் நாலு விரல் அகலத்துக்கு உள்பக்கமாக ஃபர் வைத்தால் போதும், பார்ப்பவர் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

பொத்தான், ஜிப் எதுவும் வேண்டாம். தலைவழியே மாட்டும் அங்கி அது. தொளதொளவென்று இருக்கவேண்டும், ஏனென்றால் அங்கே குளிரைவிடப் பெரிய எதிரி வியர்வை. ஓடிக் களைக்கும்போது கழுத்துப்பக்கம் தளர்த்திச் சூட்டை வெளியே விடுவார்கள். உள்ளே ஈரம் தங்கினால் அது உறைந்து, உடுப்பே விறைத்துவிடும்.

தோல் பெரும்பாலும் காரிபூ என்ற துருவப் பகுதி மானுடையது. அதன் மயிருக்குள் காற்றறைகள் இருப்பதால் எடை குறைவு, சூடு அதிகம். ஆனால் எந்தப் பருவத்துத் தோலும் ஆகாது. கோடை கழிந்து இலையுதிர்காலம் தொடங்கும்போது எடுத்த தோல்தான் உடுப்புக்குச் சரி. அப்போது மயிர் குட்டையாக, அடர்த்தியாக இருக்கும். நடுக்குளிரில் எடுத்தது நீண்டு, தடித்து, எளிதில் ஒடியும். படுக்கைக்கு விரிக்கலாம், உடுத்த முடியாது. வசந்தகாலத் தோலில் முதுகுப்பக்கம் ஈப்புழு துளைத்த ஓட்டைகள் வரிசையாக இருக்கும். ஆக, உங்கள் ஃபர் துணியின் மயிர் 2 முதல் 3 செ.மீ.க்குள் இருக்கட்டும். நிறம் சாம்பல் கலந்த பழுப்பு. மானின் வயிற்றுப்பக்கத்து வெள்ளைத் தோலைப் பட்டையாக வெட்டி மார்பிலும் ஓரத்திலும் அலங்காரமாக இணைப்பது வழக்கம். அதைச் செய்தாலே பொம்மைத்தனம் பாதி போய்விடும்.

தலைமூடியின் விளிம்பில் மட்டும் நீளமான மயிர். ஓநாய், நாய், வுல்வரின் (சிறு கரடி போலத் தோன்றும் வடபுல விலங்கு) மூன்றும் பயன்படுகின்றன. வுல்வரின் மயிரில் உறைபனியே பிடிக்காது என்று பலர் எழுதுகிறார்கள். பிடிக்கும்; ஆனால் மயிர் வழவழப்பாக இருப்பதால் கையால் தட்டினால் உதிர்ந்துவிடும். மூச்சுக்காற்றின் ஈரம் முகத்தருகே ஓயாமல் உறையும் இடம் அது, அதனால்தான் அந்தத் தோலுக்கு அவ்வளவு மதிப்பு. 5 செ.மீ. அகலப் பட்டை, 8 முதல் 10 செ.மீ. மயிர், நுனிகள் ஒரே மட்டமாக இல்லாமல் மேலும் கீழுமாக. ஒரே மட்டத்தில் கத்தரித்த மயிர் காற்றையும் தடுக்காது, கண்ணையும் ஏமாற்றாது.

காலணி சீல் (கடல்நாய்) தோல். அதில் சூடு குறைவு, ஆனால் நீர் புகாது. அதற்கு நீளமான ஃபர் வைத்துவிடாதீர்கள்.

நடிகருக்கு ஒரு செய்கை: வீட்டுக்குள் நுழையும்முன் கோலால் அங்கியை அடித்துப் பனியை உதிர்ப்பார்கள். உதிர்க்காமல் உள்ளே போனால் பனி உருகித் தோல் நனையும், நாளடைவில் மயிர் கொட்டும்.

---

பழஞ்சுவடி:

புள்ளிக்குக் கணக்கு உண்டு, கட்டாயம் உண்டு.

பிரபுக்களின் அந்த வெள்ளை ஃபருக்குப் பெயர் எர்மின், ஸ்டோட் என்ற சிறிய விலங்கின் குளிர்காலத் தோல். கோடையில் முதுகு பழுப்பு. பகல்பொழுது குறையத் தொடங்கியதும் மயிர் உதிர்ந்து வெள்ளையாக முளைக்கும், வால்நுனி மட்டும் கறுப்பாகவே நிற்கும். குளிர் குறைந்த நாடுகளில் அது முழுவெள்ளை ஆகாது. அதனால் நல்ல எர்மின் எப்போதுமே வடக்கிலிருந்து வரவேண்டிய சரக்கு. உடல் நீளமோ ஒரு சாண், ஒன்றரைச் சாண். ஒரு விலங்குக்கு ஒரு வால், ஒரு புள்ளி. ஓர் அங்கிக்கு எத்தனை விலங்கு என்பதைப் புள்ளிகளே எண்ணிக் காட்டிவிடும். செல்வத்தைக் காட்ட இதைவிட நேரடியான வழி கிடையாது.

பிரிட்டனில் முடிசூட்டு அங்கி கருஞ்சிவப்பு வெல்வெட், தோளில் வெள்ளை ஃபர் கேப். அந்தக் கேப்பில் புள்ளி வரிசைகள், உயர்ந்த பட்டத்திலிருந்து கீழே: டியூக் 4, மார்க்விஸ் மூன்றரை, ஏர்ல் 3, வைக்கவுன்ட் இரண்டரை, பாரன் 2. உங்களுக்கு வேண்டியது 4, 2. நாடாளுமன்ற அங்கி வேறு. அது சிவப்புக் கம்பளித் துணி, அதில் புள்ளிக்குப் பதில் வெள்ளை ஃபர் பட்டைகளை எண்ணவேண்டும். இரண்டையும் கலந்து தைத்த உடைகளைத் திரையில் நிறையப் பார்க்கலாம்.

யார் எந்த ஃபர் அணியலாம் என்று சட்டமே இருந்தது. இங்கிலாந்தில் 1337-இல் வந்த சட்டம் அரச குடும்பம், பிரபுக்கள், நைட்டுகள், ஆண்டுக்கு 100 பவுண்டாவது வருமானமுள்ள திருச்சபையினர் ஆகியோர் தவிர மற்றவர்களுக்கு ஃபரைத் தடைசெய்தது. அந்தக் காலத்தில் ஃபர் பெரும்பாலும் உள்துணியாகத்தான் வரும், வெளியே பட்டோ கம்பளியோ. விளிம்பில் மட்டும் ஃபர் எட்டிப்பார்க்கும். முழுக்க மயிர் வெளியே தெரியும் கோட்டு ஐரோப்பிய நாகரிகத்தில் பரவியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆகவே உங்கள் டியூக்கை வெள்ளை ஃபருக்குள் மூழ்கடிக்காதீர்கள்.

கரடித் தொப்பி: 18 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 46 செ.மீ. எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கனடா கருங்கரடியின் தோல். கையெறிகுண்டு வீசும் கிரனேடியர் படைகள் விளிம்பில்லாத உயரத் தொப்பி போட்ட வழக்கத்திலிருந்து இது வந்தது. துப்பாக்கியை முதுகில் மாட்டவும் குண்டை வீசவும் அகல விளிம்பு இடைஞ்சல். உயரம் ஆளைப் பெரிதாகவும் காட்டும். 1815-இல் வாட்டர்லூ போருக்குப் பிறகு, நெப்போலியனின் காவற்படை கிரனேடியர்களைத் தோற்கடித்ததற்காக பிரிட்டனின் முதலாம் காவற்படை ரெஜிமென்டுக்கு (இன்றைய கிரனேடியர் காவற்படை) இது முழுமையாக வழங்கப்பட்டது. அவர்கள் எதிர்கொண்டது பெரும்பாலும் நெப்போலியன் காவற்படையின் இன்னொரு பிரிவான ஷஸ்ஸேர்களை என்று பின்னாளில் வரலாற்றாய்வாளர்கள் காட்டிவிட்டார்கள், ஆனால் தொப்பியைத் திருப்பிக் கேட்கவா முடியும்? 1831-இல் கோல்ட்ஸ்ட்ரீம், ஸ்காட்ஸ் படைகளுக்கும் வந்தது.

எந்தப் படை என்று முடிவுசெய்துவிட்டு இறகைச் சொருகுங்கள். கிரனேடியர்: வெள்ளை, இடப்பக்கம். கோல்ட்ஸ்ட்ரீம்: சிவப்பு, வலப்பக்கம். ஸ்காட்ஸ்: இறகே கிடையாது. ஐரிஷ்: நீலம், வலப்பக்கம். வெல்ஷ்: வெள்ளை, பச்சை, வெள்ளை, இடப்பக்கம். இறகு வாங்கப் பணமில்லை என்றால் ஸ்காட்ஸ்! தொப்பியின் சங்கிலி தாடைக்கு அடியில் போகாது, கீழுதட்டுக்குக் கீழே நிற்கும்.

பூசாரி "செம்" என்ற வகைப் பூசாரியாக இருக்கவேண்டும், சிறுத்தைத் தோல் அவருடைய அடையாளம். எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறைச் சுவரில், அவனுக்கு அடுத்து மன்னரான அய், சிறுத்தைத் தோல் போர்த்தி, இறந்த மன்னனுக்கு வாய் திறக்கும் சடங்கைச் செய்யும் ஓவியம் இருக்கிறது. அதையே மாதிரியாக வையுங்கள். அடியில் வெள்ளை லினன், மேலே தோல், பாதங்களும் வாலும் தொங்கட்டும். தலையையும் நகங்களையும் வெட்டி எறியாதீர்கள், தோல் முழு விலங்காகத் தெரியவேண்டும் என்பதே அங்கு அர்த்தம். அதே கல்லறையில் துணியால் செய்த போலிச் சிறுத்தைத் தோலும் கிடைத்திருக்கிறது. எனவே செயற்கை என்று கூச்சப்படவேண்டாம்.

---

முப்பட்டை ஊசி:

வரலாறு சரி, இனி கத்தி.

பொம்மை மாதிரித் தெரிவதற்குக் காரணம் இரண்டு. நிஜத் தோலில் இரண்டு வகை மயிர் உண்டு: அடியில் குட்டையாக, மெத்தென்று, சுருண்டு நெருங்கிய அடிமயிர்; அதற்கு மேலே நீண்டு, விறைத்து, பளபளக்கும் மேல்மயிர். சூட்டைக் காப்பது அடிமயிர், மழையைத் தடுப்பதும் நிறம் காட்டுவதும் மேல்மயிர். மலிவான செயற்கை ஃபரில் எல்லா மயிரும் ஒரே நீளம், ஒரே நிறம். இதைத் தையலுக்குப் பிறகு சரிசெய்யலாம். தலைமயிரை அடர்த்தி குறைக்கும் பல்கத்தரியால், மயிர் போகும் திசையிலேயே, நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை அங்கங்கே கொத்துங்கள். பிறகு நீர்த்த அக்ரிலிக் சாயத்தில் பிரஷ்ஷைத் தோய்த்து, துணியில் ஒற்றியெடுத்து, நுனிகளை மட்டும் வருடவேண்டும். காய்வதற்குள் சீவிவிடாவிட்டால் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் தையல். கத்தரிக்கோலால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வெட்டியிருப்பீர்கள். மடிப்பு ஓரத்தில் மயிரெல்லாம் ஒட்ட வெட்டுண்டு, தையல் நெடுக ஒரு வாய்க்கால் தெரியும். துணியைக் குப்புறப் போட்டு, பின்பக்கம் சாக்கட்டியால் மயிர்த்திசைக்கு அம்பு போட்டு, பிளேடின் முனையால் பின்துணியை மட்டும் கீறவேண்டும். கீறும் இடத்தை மேசையிலிருந்து சற்றுத் தூக்கிப்பிடித்தால் மயிர் தப்பிக்கும். தையல் இடம் 6 மி.மீ. விட்டு, அந்த 6 மி.மீ.யில் உள்ள மயிரை மட்டும் மழித்துவிடுங்கள். இல்லையென்றால் உள்ளே தடித்துத் தள்ளும். குண்டூசி மயிருக்குள் தொலைந்து நடிகரின் கழுத்தில் குத்தும், கிளிப் போடுங்கள். மயிரை உள்பக்கம் தள்ளிக்கொண்டே தையுங்கள். ஊசி 90 அல்லது 100, தையல் நீளம் 3.5 முதல் 4 மி.மீ. முடிந்ததும் மழுங்கிய ஊசியால் தையலில் மாட்டிய மயிரை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டால் தையல் இருந்த இடமே தெரியாது. அயர்ன் பக்கமே போகக்கூடாது, அக்ரிலிக் உருகி ஓடிவிடும். வெட்டும்போது மூக்குக்கு முகக்கவசம்.

மயிர்த்திசை அங்கியில் மேலிருந்து கீழ். கரடித் தொப்பியிலும் அப்படியே, மழை வழிய வேண்டுமல்லவா.

அந்தத் தொப்பிக்குப் பிரம்பு வளையமோ 5 மி.மீ. ஃபோம் தகடோ சட்டமாக வேண்டும். நேர்க்குழாயாகச் செய்யாமல் மேலே லேசாக உப்பவிட்டு, உச்சியை உருண்டையாக மூடுங்கள். சட்டத்தை 46 செ.மீ. உயரத்துக்கு வெட்டி அதன்மேல் 6 செ.மீ. மயிர் வைத்தால் தொப்பி அரை மீட்டரைத் தாண்டிவிடும். மயிர் எழும்பும் அளவைக் கழித்துவிட்டுச் சட்டத்தை வெட்டவேண்டும். சுற்றளவுக்கும் இதே கணக்கு. உள்ளே தலைப்பட்டையைத் தனியாக வைத்துச் சட்டத்தோடு நாலைந்து இடத்தில் மட்டும் கட்டினால் காற்றோட்டம் இருக்கும், தலை திருப்பும்போது தொப்பி பின்தங்காது.

எர்மினுக்கு 6 முதல் 8 மி.மீ. மயிருள்ள வெள்ளைத் துணி. புள்ளியைச் சாயத்தால் வரையாதீர்கள், விளக்கொளியில் அழுக்குப் போல் தெரியும். கறுப்பு ஃபரில் 3 முதல் 4 செ.மீ. நீளமுள்ள மெல்லிய துண்டு வெட்டி, மேல்நுனியை மட்டும் தைத்து, வால்போல் தொங்கவிடுங்கள். ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக வரவேண்டும்.

---

எதிர்க்கேள்வி:

மூன்று சேர்க்கை, ஒரு மறுப்பு.

சிறுத்தைத் துணி வாங்கும்போது உற்றுப் பாருங்கள். கடையில் "சிறுத்தை" என்று கிடைப்பதில் பாதி, தனித்தனி கறுப்புப் பொட்டுகள் போட்ட சீட்டா (சிவிங்கிப்புலி). சிறுத்தையின் முதுகிலும் விலாவிலும் பொட்டுகள் கூடி உடைந்த வளையமாக நிற்கும், வளையத்துக்குள் நிறம் சற்று அடர்த்தி. தலை, கால்களில்தான் தனிப்பொட்டு. முழுத் துணியிலும் ஒரே வளையம் அச்சடித்திருந்தால் கால்பகுதிகளில் நீங்களே பொட்டு வரைந்துகொள்ளவேண்டும்.

மறுப்பு: வடகாற்று சொன்ன "இரண்டும்" என்பதை எல்லா இடத்துக்கும் பொருத்திவிடாதீர்கள். வட அமெரிக்கச் சமவெளி மக்கள் காட்டெருமைத் தோலைக் குளிரில் மயிர் உள்பக்கமாகப் போர்த்தினார்கள். வெளியே தெரிந்த தோல்பக்கம் ஓவியம் தீட்டும் இடம், போர்ச் செயல்களெல்லாம் அதில் வரையப்பட்டன. அங்கே மதிப்பைச் சொன்னது மயிரல்ல, தோல். ரஷ்ய ஆட்டுத்தோல் கோட்டும் விமானிகளின் ஆட்டுத்தோல் ஜாக்கெட்டும் மயிர் உள்ளே உள்ளவைதான். காட்டவேண்டியது விலங்கு என்றால் மயிர் வெளியே, காக்கவேண்டியது உடம்பு என்றால் உள்ளே. இரண்டும் கட்டாயமாகும் துருவத்தில் இரண்டு அடுக்கு.

இன்னொன்று, பீவர் தொப்பியையும் யாராவது இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்வார்கள். அது தோலே அல்ல. பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் அடிமயிரைச் சிரைத்தெடுத்து அமுக்கிச் செய்த ஃபெல்ட். மயிர் பின்னிக்கொள்ளப் பாதரச உப்பு தடவியதால்தான் தொப்பிக்காரர்களுக்குக் கைநடுக்கம் வந்தது. ஃபர் துணியால் அதைச் செய்யமுடியாது.

நிஜச் சிறுத்தைத் தோலை யாராவது "இரவலாக" நீட்டினால் தொடாதீர்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பில் உள்ள விலங்கு. ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல், வைத்திருப்பதே குற்றமாகும் நாடுகளும் உண்டு. தலையோடு பாடம்செய்த பழைய தோல்களில் ஆர்செனிக் வேறு இருக்கலாம். தோலின் அர்த்தமே மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 2006 ஜனவரியில் தலாய் லாமா புலி, சிறுத்தை, நீர்நாய்த் தோல் அணிவதைக் கண்டித்துப் பேசியதும், திபெத்தில் மக்கள் பரம்பரை அங்கிகளின் தோல் ஓரங்களைத் தாங்களே தீயிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் ஷெம்பே என்ற கிறித்தவச் சபையார் சடங்கு நடனத்துக்குப் போட்ட சிறுத்தைத் தோல் கேப்புகளுக்குப் பதிலாக, பாந்தெரா என்ற காட்டுப்பூனை இனப் பாதுகாப்பு அமைப்பு தயாரித்த செயற்கைக் கேப்புகளை ஆயிரக்கணக்கானோர் ஏற்றுக்கொண்டார்கள்.

---

அரிதாரம்:

எல்லோருக்கும் நன்றி. கத்தரிக்கோல் விஷயம் அச்சு அசல், அப்படியேதான் வெட்டினேன். வடகாற்று ஐயா சொன்ன வெள்ளைப் பட்டையும் சேர்க்கிறேன்.

அந்த நிஜக் காலர்களைப் பற்றி முப்பட்டை ஊசி சொல்லவேண்டும். ஒன்று மெத்தென்று நன்றாக இருக்கிறது. மற்றதை மடித்தால் காகிதம் போல் சரசரக்கிறது, ஓரத்தில் கிழியவும் செய்கிறது. எண்ணெய் தடவினால் இளகுமா? பிறகு, கதையில் காதுமடல் வைத்த ரஷ்யத் தொப்பி ஒன்றும் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது.

---

முப்பட்டை ஊசி:

சரசரக்கும் காலருக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம். பதனிட்டபோது தங்கிய அமிலமும் கெட்டுப்போன கொழுப்பும் தோலின் நாரையே அரித்துவிட்டன. எண்ணெய் நாரைத் திருப்பித் தராது. கனம் கூடி இன்னும் கிழியும், மயிரும் எண்ணெய்ப் பிசுக்காகும். மெல்லிய பருத்தித் துணியைத் தோல்பக்கம் வைத்து, துணிப்பசையை லேசாகத் தடவி ஒட்டி, பளு வைத்து ஒருநாள் உலரவிடுங்கள். அப்புறம் தையலைத் துணியில் போடுங்கள், தோலில் போடாதீர்கள். இழுவை படாத இடத்துக்கு மட்டும் ஆகும். காலராக வேண்டாம், வேட்டைக்காரரின் தலைமூடி விளிம்பில் துண்டுதுண்டாக வையுங்கள்.

நல்ல காலரை முதலில் சோதியுங்கள். பத்துப் பன்னிரண்டு மயிரை விரலால் மெதுவாக இழுங்கள். கொத்தாக வந்தால் அதுவும் முடிந்த கேஸ். வராவிட்டால் வெட்டலாம்: மேலே சொன்ன மாதிரி தோல்பக்கத்திலிருந்து பிளேடு. ஆனால் தையல் முற்றிலும் வேறு. இங்கே மடிப்பு இடமே விடக்கூடாது. இரண்டு ஓரங்களையும் மயிர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி நேர்க்கு நேர் சேர்த்து, விளிம்பைச் சுற்றி 2 முதல் 3 மி.மீ. இடைவெளியில் கைத்தையல் போடுங்கள். மெழுகு தேய்த்த நூல், தோல் தைக்கும் முப்பட்டை முனை ஊசி. உருண்டை முனை ஊசி தோலை வெட்டாமல் தள்ளும், தள்ளிய இடத்தில் கிழியும். நூலை மிக இறுக்கினால் தையல் வரப்பாக எழும்பும். மிக நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டைகளின் வழியே பிய்ந்துவரும்.

முடித்ததும் தோல்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி, மயிர் கீழே இருக்கும்படிப் பலகையில் விரித்து, ஓரத்தில் ஆணி அடித்து, தானாகக் காயவிடுங்கள். ஹேர் டிரையர், வெயில், இஸ்திரி எதுவும் கூடாது. ஈரத்தோலுக்குச் சூடு பட்டால் சுருங்கும், சுருங்கியது திரும்பாது.

காதுமடல் தொப்பியில் ஒரு சிக்கல் உண்டு. மடலைக் கீழே விட்டிருக்கும்போது மயிர் கீழ்நோக்கிப் படிந்திருந்தால், தூக்கி உச்சியில் கட்டும்போது அது மேல்நோக்கி நிற்கும். காட்சியில் மடல் எப்படி இருக்கும் என்று இயக்குநரிடம் கேட்டுவிட்டு அதற்கேற்ப வெட்டுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் மடலில் மயிரைப் பக்கவாட்டாக, முகத்திலிருந்து பிடரி நோக்கிப் போகவிடுங்கள்.

பழைய காலரை மற்ற உடைகளோடு வைக்கும்முன் பிளாஸ்டிக் பையில் காற்றை நீக்கிக் கட்டி, −20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். அந்துப்பூச்சியின் புழு மயிரைத்தான் தின்னும்; முட்டை எளிதில் கண்ணுக்குத் தெரியாது. வெளியே எடுத்ததும் பையை உடனே திறக்காதீர்கள், அறைச்சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். இல்லையென்றால் காற்றின் ஈரம் தோலில் முத்துமுத்தாகப் படியும். அதன்பிறகு பிளாஸ்டிக் கூடாது, பருத்திப் பைதான்.